வேவ், எம்பித்ரீ, மணி சாரின் காது

போன மாதம் காப்பகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஒலிப்பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளை, இரண்டையும் கலந்துதான் பேசுவாள். "மேடம், எல்லாரும் லாஸ்லெஸ், லாஸ்லெஸ்னு பறயறாங்க. எம்பித்ரீக்கும் வேவுக்கும் சத்தியமா வித்தியாசம் கேக்குமா? இல்ல, சும்மா சொல்றதா?" என்று கேட்டாள்.

"கேக்கும். ஆனா எல்லாருக்கும் கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு மனது சரியாக இல்லை. இந்தக் கேள்விக்காகவே எங்கள் ஆபீசில் ஒருமுறை பரீட்சை வைத்தோம். அதை நடத்தியவள் நான். அன்றைக்கு நடந்ததைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். அந்தப் பெண்ணும் படிக்கட்டும்.

நான் பாறசாலைப் பக்கத்துக்காரி. பெயர் செல்வராணி. நாகர்கோவிலில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்துவிட்டு, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கிற கடையில் கொஞ்ச காலம் ஈயப் புகையில் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு அறக்கட்டளையின் ஒலிக்காப்பகத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. நாட்டுப்பாட்டு, கோயில் மேளம், கடற்கரைச் சர்ச்சுகளின் பாட்டு, மலையில் இருக்கிறவர்களின் பேச்சு என்று தெற்குக் கேரளத்தில் காதில் விழுந்ததை எல்லாம் பதிவு செய்து வைக்கிற இடம். வழுதக்காட்டில் ஓடு போட்ட ஒரு பழைய பங்களா. உள்ளே நுழைந்தால் அலமாரி அலமாரியாக ஸ்பூல் டேப்புகள். மழைக்காலத்தில் அந்த ஹாலில் புளித்த மாவு மாதிரி ஒரு வாடை வரும்.

ஒலிப்பிரிவுக்குத் தலைவர் மணி சார். கரமனை அக்கிரகாரத்துக்காரர். ஆபீசில் எல்லாரிடமும் மலையாளம் பேசுவார், என்னிடம் மட்டும் தமிழ். ஆனால் அவர் தமிழ் வேறு, என் தமிழ் வேறு. சேர்ந்த புதிதில் ஒருநாள், "ஹெட்போனை ஆத்துல விட்டுட்டேன்" என்றார். கரமனை ஆற்றில் ஹெட்போனைப் போட்டுவிட்டாரே என்று நான் பதறிப்போனேன். வீட்டில் மறந்துவிட்டு வந்ததைத்தான் சொல்லியிருக்கிறார் என்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அவர் பல வருஷம் சிரித்தார்.

டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கிற ஹெட்டைத் துடைப்பது, அறுந்த டேப்பை ஒட்டுவது, சத்தத்தின் லெவல் பார்ப்பது என்று முதல் ஒன்றிரண்டு வருஷம் போயிற்று. அதை விரித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது மணி சார் ஒலியைக் கேட்கிற விதத்தை. பஸ்ஸில் வந்து இறங்கியதும் எதையும் கேட்க மாட்டார். ரோட்டின் இரைச்சல் காதை விட்டுப் போகட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு மணிக்கொருதரம் பீப் அடிக்கிற தன் டிஜிட்டல் வாட்சைக் கழற்றி மேசை டிராயருக்குள் வைப்பார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்றினாலும் ஃபேன் கிடையாது. டேப் ஓடி முடிந்ததும் நம் பக்கம் திரும்பி ஒரே கேள்வி.

"என்ன கேட்டுது?"

"நல்லா பாடியிருக்காங்க சார்."

"அது பாட்டு. என்ன கேட்டுதுன்னு சொல்லு."

பாடியவருக்கு ஜலதோஷம், இடது மைக் சுவருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது, மூன்றாவது அடியில் யாரோ கதவைச் சாத்தியிருக்கிறார்கள் என்கிற வரைக்கும் விடமாட்டார். நாம் விட்டதை அவர் சொல்வார். பாராட்டாகவும் சொல்ல மாட்டார், குறையாகவும் சொல்ல மாட்டார். டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொல்வது மாதிரி இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு ஒரு டாட் மெஷின் வந்தது. சின்ன கேசட்டில் டிஜிட்டலாகப் பதிகிற மெஷின். அதைத் தூக்கிக்கொண்டு நாங்கள் முதலில் போனது போனக்காடு என்கிற மலைக்கு. அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிற தமிழ்க் குடும்பங்களின் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். மாடத்தி என்று ஒரு அம்மா, கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனி கறுத்துப்போனவர். முந்தின வருஷம் கணவர் தவறியிருந்தார். அவருக்காகத் தான் பாடின ஒப்பாரியைப் பாட ஒத்துக்கொண்டார். நாங்கள் மைக்கை வைத்ததும் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்பார்கள், அந்த லயத்து வீட்டுக்குத் தகரக் கூரை. மணி சார் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மழை விடும்வரை உட்கார்ந்திருந்தார். மாடத்தியம்மா எங்களுக்குப் பாலில்லாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார்.

மழை நின்றபின் பாடினார். பெரிய குரல் இல்லை. உள்ளே ஏதோ தேடுகிறவர் மாதிரி மெதுவாகப் பாடினார். ஒவ்வொரு அடி முடிந்ததும் ஒரு மூச்சு இழுப்பார். நடுங்கி நடுங்கி, முழுதாக நிரம்பாமல் பாதியில் நின்றுபோகும் மூச்சு. மணி சார் கண்ணை மூடிக்கொண்டு அந்த மூச்சு வரும்போதெல்லாம் ஒரு விரலைத் தூக்கினார். முடிந்ததும் என்னிடம், "பாட்டை வேற யாரும் பாடலாம். அந்த மூச்சு இவாளோடது" என்றார்.

ஹெட்போனை மாடத்தியம்மா காதில் வைத்துப் போட்டுக் காட்டினோம். கேட்டுக்கொண்டே இருந்தவர், "எனக்கு இப்பிடியா இளைக்குது?" என்றார். பிறகு, "இத எங்க கொண்டு வைப்பிய?" என்று கேட்டார்.

"திருவனந்தபுரத்துல. எங்க ஆபீஸ்ல" என்றார் மணி சார்.

"கெட்டுப் போயிராதா?"

"கெடாதும்மா. இது டிஜிட்டல்."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் நம்பியது அது.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் காப்பகத்துக்கு நெருக்கடி வந்தது. ஹாலின் பின்பக்கக் கூரை ஒழுக ஆரம்பித்தது. பழைய டேப்புகளில் பூஞ்சை. டாட் மெஷினுக்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவாயிற்று. எந்த வடிவத்தில் ஏற்றுவது என்பதுதான் தகராறு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேவ் என்பது மைக் பிடித்ததை ஒன்றும் குறைக்காமல், அதாவது லாஸ்லெஸ்ஸாக, எண்களாக வைத்திருக்கிற கோப்பு. ரொம்ப இடம் பிடிக்கும். எம்பித்ரீ அதைச் சுருக்குகிறது. எப்படிச் சுருக்குகிறது என்றால், மனுஷனுடைய காது எதைக் கவனிக்காது என்று கணக்குப் போட்டு அதை எடுத்துவிடுகிறது. பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் வருகிற சின்னச் சத்தம், ரொம்பக் கீச்சென்று இருக்கிறது, இதெல்லாம் போகும். கோப்பு பத்தில் ஒரு பங்காகிவிடும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் வந்து போட்டுக் காட்டினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டைரக்டருக்குச் சந்தோஷம். டைரக்டர் கெட்ட மனுஷர் இல்லை. சொந்த வீடு ஒழுகினால் கவலைப்படுகிற மாதிரி அந்தப் பங்களாவுக்காகக் கவலைப்பட்டவர். அவர் கையில் இருந்த டிஸ்கில் வேவாக ஏற்றினால் கால்வாசிதான் அடங்கும். எம்பித்ரீயாக ஏற்றினால் மொத்தமும் அடங்கும். "மணி சாரே, கால்வாசி நல்லா இருக்கறதா, முழுசும் சுமாரா இருக்கறதா? சார் பறயணும்" என்றார்.

"சுமார்னு நீங்களே சொல்றேளே" என்றார் மணி சார்.

"கேக்கறவனுக்கு வித்தியாசம் தெரியல்லல்லோ?"

"எந்தக் கேக்கறவனுக்கு? அந்தக் கணக்கை யாரோட காதை வெச்சுப் போட்டான்?" என்று கேட்டுவிட்டு, மணி சாரே சொன்னார்: "பரீட்சை வெப்போம். எது எதுன்னு சொல்லாமப் போட்டுக் கேப்போம். நானும் உக்காரறேன்."

ஏற்பாடு செய்யும் பொறுப்பு எனக்கு. மணி சார் விதிகளைச் சொன்னார், நான் செய்தேன். மூன்று பதிவு. ஒன்று கோயில் மேளத்தில் இலத்தாளம், வெண்கலத் தட்டு இரண்டும் மோதுகிற சத்தம். சுருக்குகிறவனை மாட்டிவிடுவதற்கு அதைப் போல வேறொன்றில்லை. மோதுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே மங்கலாக ஒரு 'இஷ்' கேட்டுவிடும். இரண்டாவது, மாடத்தியம்மாவின் ஒப்பாரி. மூன்றாவது, விழிஞ்ஞத்தில் ஒரு மீனவர் காற்றின் பெயர்களைச் சொல்கிற பேச்சு. மூன்றையும் வேவாக எடுத்தேன். அதையே எம்பித்ரீயாகச் சுருக்கி, மறுபடி விரித்து, இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் சத்தம் கூடினாலும் அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும், அதற்காக. முதலில் ஒன்றைப் போடுவேன், பிறகு மற்றதை, பிறகு இரண்டில் ஒன்றை. மூன்றாவதாக வந்தது முதலாவதா இரண்டாவதா என்று சொல்ல வேண்டும். பலமுறை மாற்றி மாற்றிப் போட வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாகிவிடும், அதனால் பாதிக்கு மேல் எவ்வளவு என்பதில்தான் விஷயம். கேட்பவர்கள் ஒருவர் ஒருவராக வரவேண்டும், அடுத்தவரின் உச்சுக்கொட்டல்கூடக் காதில் விழக்கூடாது. நான் அவர்களுக்குப் பின்னால் உட்கார வேண்டும், என் முகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக்கூடாது.

டைரக்டர் முதலில் உட்கார்ந்தார். சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பாதியும் தேறவில்லை. அடுத்து விஜயம்மா டீச்சர் வந்தார். பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறவர், காப்பகத்துக்கு அவ்வப்போது உதவி செய்பவர். இலத்தாளம் வந்ததும் முகத்தைச் சுளித்தார். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். போகும்போது, "அந்தப் பாட்டம்மாவோட மூச்சில மட்டும் ஏதோ வெள்ளம் கேறின மாதிரி, தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தது, ராணி" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. விஜயம்மா டீச்சருக்கே இவ்வளவு கேட்டால் மணி சாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி சார் வந்தார். சும்மா உட்கார்ந்திருந்தார். வாட்சைக் கழற்றி டிராயரில் வைத்தார். பிறகு கையைக் காட்டினார், போட்டேன்.

முதல் பதில் தவறு. பதற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது சரி, அடுத்தது தவறு, அதற்கடுத்ததும் தவறு. பின்னாலிருந்து அவருடைய பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. அவர் தயங்கவில்லை. வழக்கம்போல உறுதியாகச் சொன்னார். "ரெண்டாவது. நல்ல தெளிவு" என்று அவர் சொன்னது சுருக்கியதை. மாடத்தியம்மாவின் ஒப்பாரி ஓடும்போது ஒரு விரல் மேலே போயிற்று, அன்றைக்கு மலையில் போன மாதிரியே, அந்தந்த இடத்தில். ஆனால் இரண்டுக்கும் அதே மாதிரி போயிற்று. ஒன்றில் மூச்சு மூச்சாக இருந்தது. மற்றதில் அது தண்ணீருக்குள் குமிழி விடுகிற மாதிரி கலங்கிப்போயிருந்தது. அவருக்கு இரண்டும் ஒன்றாக இருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஸ்பீக்கரிலிருந்து வந்ததை அல்ல, போனக்காட்டில் கேட்டதை.

அப்போதுதான் சில விஷயங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. கொஞ்ச காலமாக அவர் பதிவு செய்கிற டேப்புகளில் கீச்சு கூடுதலாக இருந்தது. காதைக் குத்துகிறதே என்று நான் நினைத்து, சார் ஏதோ காரணத்தோடுதான் செய்கிறார் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் ஸ்டுடியோவில் ஒரு பாடகர் பாடும்போது மணி சாரின் வாட்ச் கழற்றாமல் அவர் கையிலேயே இருந்து பீப் அடித்தது. பதிவிலும் விழுந்தது. "நல்ல டேக்" என்றார் மணி சார். பாடகர் வருத்தப்படக்கூடாது என்று விடுகிறார் போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கும் எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் அவர் நாற்காலியைத் திருப்பினார்.

"தேறினேனோ?"

கையிலிருந்த தாளை மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

"சுத்தி வளைக்காதே ராணி. எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி சார்."

நான் போட்டதில் தப்பு நடந்திருக்குமோ என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "ஸ்வீப் இருக்கோல்லியோ? அதைப் போடு" என்றார்.

ஸ்வீப் என்பது மெஷின்களைச் சோதிக்கிற ஒலி. அடிமட்டத்தில் உறுமலாக ஆரம்பித்து, சத்தம் கூடாமல் குறையாமல், சுருதி மட்டும் ஏறி ஏறி, கடைசியில் கீச்சென்று காதுக்கு எட்டாத இடத்துக்குப் போகும். போட்டேன். மணி சார் வலது கையைத் தூக்கி வைத்துக்கொண்டார். கேட்கிறவரை கை மேலே இருக்கும் என்று அர்த்தம். உறுமல் ரீங்காரமாயிற்று, ரீங்காரம் ஊதலாயிற்று. ஊதல் இன்னும் கொஞ்சம் மேலே போனதும் அவர் கை இறங்கியது. மடியில் வந்து உட்கார்ந்தது.

எனக்கு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. குக்கர் விசில் மாதிரி அறை முழுக்க இருந்தது.

மணி சார் மெதுவாகத் தலையைத் திருப்பி மேசையில் இருந்த மீட்டரைப் பார்த்தார். மீட்டரில் ஊசி மேலேயே நின்றுகொண்டிருந்தது.

"ஊசி நிக்கறதே" என்றார்.

"ஆமா சார்."

"உனக்குக் கேக்கறதோ?"

"கேக்குது சார்."

"இப்பவும்?"

"இப்பவும் கேக்குது சார்."

ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்பது நிற்கிறவரை அவர் பார்வை அதை விட்டு நகரவில்லை. பிறகு எழுந்து போய் ஃபேனைப் போட்டார். முதுகுப்பக்கம் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"சார், டைரக்டர்கிட்ட விஜயம்மா டீச்சருடைய ரிசல்ட்டை மட்டும் காட்டலாம். நீங்க பரீட்சையை வச்சவரு. வச்சவரு உக்காரணும்னு இல்லல்ல?" என்றேன்.

"நான் உக்காந்தேனே."

"சார், நீங்க தேறலன்னா அவங்க வேவே வேண்டாம்னு சொல்லிருவாங்க."

"சொல்லுவா. அதுக்காகக் கேக்காததைக் கேட்டேன்னு சொல்ல முடியுமோ? கேட்டதைக் கேக்கலேன்னும் சொல்லப்படாது" என்றார். டிராயரிலிருந்து வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த வாரம் அறக்கட்டளையின் கமிட்டி கூடியது. மணி சார் எழுந்து நின்று மூன்று பேருடைய முடிவையும் வாசித்தார். தன்னுடையதை முதலில் வாசித்தார். டாக்டரிடம் போய் வந்ததையும் சொன்னார். இரண்டு காதிலும் மேல் சுருதிகள் போய்விட்டன, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, திரும்ப வராது. அதை ஏதோ மெஷினின் ரிப்போர்ட் மாதிரி, குரல் மாறாமல் சொன்னார். அறையில் யாரும் நிமிரவில்லை.

டைரக்டருக்குத்தான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "சார் இதைப் பறயணும்னு அவசியமில்லாயிருந்தல்லோ" என்றார்.

"பறயணும். ஆனா நான் சொல்றதையும் கேக்கணும். எனக்குக் கேக்கலேங்கறது அந்த ஒலியோட குத்தமில்ல. கண்ணு மங்கினவன் ஒருத்தன், எனக்கு இவ்வளவுதான் தெரியறது, படத்தை மங்கலாவே அச்சடிங்கோன்னு சொன்னா நீங்க அச்சடிப்பேளா? விஜயம்மா டீச்சருக்குக் கேட்டிருக்கு. ராணிக்குக் கேக்கறது. இன்னும் பொறக்காதவா எத்தனை பேருக்குக் கேக்கும்."

நல்ல வாதம். ஆனால் கமிட்டியில் இருந்தவர்களுக்கு வாதத்தைவிட முதலில் வாசித்ததுதான் மனதில் நின்றது. மணி சாருக்கே தெரியவில்லை என்றால் பின்னே யாருக்கு வேண்டி என்று ஒருவர் மெல்லச் சொன்னார். அவர் கேட்கக்கூடாது என்று தாழ்த்திச் சொன்னது. அது கீழ்ச்சுருதி. மணி சாருக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

எல்லாவற்றையும் எம்பித்ரீயாக ஏற்றுவது என்று தீர்மானம் ஆயிற்று. டேப்புகளை எறிய வேண்டாம், வேறு இடம் கிடைக்கும்வரை பின்பக்கத்து ஷெட்டில் வைப்பது என்று டைரக்டர் மணி சாருக்காகச் சேர்த்துக்கொண்டார்.

ஏற்றுகிற வேலையை நானும் இன்னொருவரும் செய்தோம். மணி சார் லெவல் பார்க்க வரவில்லை. விதிமுறைகளை எழுதிக் கொடுத்தார், எந்த டேப்பை எந்த வேகத்தில் ஓட்டுவது என்று சொன்னார், ஹெட்போனைத் தொடவில்லை. அந்த வருஷமே விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பிரிவு உபசாரத்தில் பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் சந்தோஷம், நன்னி" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஷெட்டின் கூரை அடுத்தடுத்த மழைக்காலங்களைத் தாங்கவில்லை. டேப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஓட்டிப் பார்த்தால் பழுப்பாகப் பொடி உதிர்ந்து ஹெட்டை அடைத்தது. டாட் கேசட்டுகளை ஓட்ட மெஷினே இல்லை. இனி வைத்துப் பயனில்லை என்று ஒருநாள் லாரியில் ஏற்றினார்கள். பரீட்சைக்காக நான் வேவாக எழுதி வைத்திருந்த சிடிகள் மட்டும் என் அலமாரியில் இருந்தன. ஒரு வருஷம் எடுத்துப் பார்த்தபோது வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தது. எந்த டிரைவும் அதைப் படிக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் கொடுமை. சில வருஷத்துக்குள் உள்ளங்கை அளவு டிஸ்க் ஒன்று கடைக்கு வந்தது. எங்கள் காப்பகம் முழுவதையும் வேவாகவே அதற்குள் போட்டுவிட்டு மீதி இடமும் இருக்கும். எந்த இடப் பஞ்சத்துக்காக அத்தனையும் சுருக்கினோமோ அந்தப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. கொஞ்சம் பொறுத்திருந்தால், கூரைக்கு ஒரு தார்ப்பாய் போட்டிருந்தால், போதும்.

அதற்குள் டைரக்டர் மாறிவிட்டார். புதிதாக வந்தவர் வெளியூர்க் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, ஆவணக் காப்பகம் என்றால் வேவில்தான் இருக்க வேண்டுமாம், எல்லாவற்றையும் வேவாக மாற்றுங்கள் என்று உத்தரவு போட்டார்.

"சார், மாத்தினா கோப்பு பெரிசாகும். போனது வராது" என்றேன்.

"அது எனக்கும் தெரியும். ஆனா ரூல் அப்படி. ஃபார்மேட் கரெக்டா இருக்கட்டே" என்றார்.

செய்தேன். ஒவ்வொரு கோப்பும் பத்து மடங்கு வீங்கியது. உள்ளே பழையதுதான் இருந்தது. மாடத்தியம்மாவின் கோப்பு வந்தபோது நான் போட்டுக் கேட்கவில்லை. பெயரைப் பார்த்து மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போனேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்திருந்தேன், அந்த லயத்தில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

வேலை முடிந்த வாரம் மணி சாரைப் பார்க்கக் கரமனைக்குப் போனேன். நடுநடுவே போகிறதுண்டு. அவருக்குக் காது இன்னும் மோசமாகியிருந்தது. காதில் மெஷின் வைத்திருந்தார், ஆனால் அது எல்லாச் சத்தத்தையும் தகரத்தில் உரசிக் கொடுக்கிறது என்று பாதி நேரம் கழற்றி வைத்துவிடுவார். பேச்சில் ஸகரம், சகரம் எல்லாம் அவருக்கு விழுவதில்லை. பெண்கள் குரல் முதலில் போயிற்று. அவர் மனைவி, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், பேசினால் உதட்டைப் பார்ப்பார். நான் குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன்.

மாமி கதவைத் திறந்து, "ராணியா, வா. ரெண்டு நாளா உன்னைத்தான் கேட்டுண்டிருந்தார்" என்றார்.

மணி சார் உள்ளறையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். வேவாக மாற்றச் சொன்ன செய்தி அவருக்கு யார் மூலமோ போயிருந்தது.

"எல்லாத்தையும் மாத்தியாச்சோ?"

"மாத்தியாச்சு சார்."

"போட்டுக் கேட்டியோ?"

"சிலதைக் கேட்டேன்."

நான் உட்காரும்வரை காத்திருந்தார். பிறகு, பழைய மாதிரியே என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார். "என்ன கேட்டுது?"

ஏதாவது நல்லதாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவரிடம் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

"எல்லாத்திலயும் தண்ணி ஏறியிருக்கு சார். மூச்சு, தாளம், மழை எல்லாம் ஒரே மாதிரி கலங்கிக் கிடக்கு. இனி ஒண்ணும் செய்ய முடியாது."

முழுவதும் அவருக்கு விழுந்ததா தெரியவில்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை மேலிருந்த என் கையில் இரண்டு முறை தட்டினார்.

"எனக்குக் கேக்காது" என்றார். "உனக்குக் கேக்கும். நீதான் பாவம்."

மாமி காப்பி கொண்டுவந்து வைத்தார். மூன்று பேரும் குடித்தோம்.